வியாழக்கிழமைப் பட்டியலில் வளர்மதி

"வளர்மதி, காவாந்தண்டலம்" என்று அம்முலு திரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளில் யாரும் எழுந்திருக்கவில்லை.

"வளர்மதி வந்துக்கீதா இல்லியா?" என்று மறுபடியும் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மேசை மேல் இருந்த கையை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள்.

உத்திரமேரூரில் அந்த நர்சிங் ஹோமில் வியாழக்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். அம்முலு அங்கே வெகுகாலமாக நர்ஸ். ஆடி மாதத்தில் காவாந்தண்டலத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றபோது, அதில் ஏறி உள்ளே கிடந்த வளர்மதியின் கண்களை மூடிவிட்டவளே அம்முலுதான். வீட்டில் ஒரு முறை வலிப்பு வந்திருக்கிறது, வழியில் இன்னொரு முறை. எட்டாம் மாதம். குழந்தையும் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. டாக்டர் தாயாரம்மாள் வேன் வரைக்கும் ஓடி வந்து, நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனார்.

இப்போது ஆவணி முடிகிற சமயம். பட்டியலில் எல்லோருக்கும் மேலே, சிவப்பு எழுத்தில், அந்தப் பெயர் இருந்தது. பக்கத்தில் '41 வாரம். நாள் கடந்தது.'

கூப்பிட்ட பெயருக்கு யாரும் வராதபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். கடைசி வரிசையில் இருந்த கனகா மட்டும் வாசலைப் பார்த்தாள். அவள் வளர்மதியின் ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழப் போனவர்கள். கனகாவுக்கு இது ஏழாம் மாதம். செருப்பைக் கழற்றிவிட்டு ஆள் உள்ளே வரக் காத்திருப்பது போல, அவள் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்முலு அடுத்த பெயரைப் படித்தாள். கூட்டம் கலைந்ததும் பஜாரில் இருந்த மஹபூப் பாஷாவின் செருப்புக் கடைக்குப் போன் போட்டு, அவர் மகள் அஃப்ரினை வரச் சொன்னாள்.

அந்தப் பட்டியலைத் தரும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியது அஃப்ரின். எம்.சி.ஏ. முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் வேலைகள் சுருங்கிய வருஷத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வீட்டில் இருந்தவளை டாக்டர் கூப்பிட்டு, கர்ப்பிணிகளின் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். அஃப்ரின் அதை ஜாவா மொழியில் எழுதினாள். அதில் ஒவ்வொரு கர்ப்பிணியும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓர் உரு. பெயர், ஊர், கடைசி மாதவிலக்குத் தேதி இவையெல்லாம் அதற்குள் இருக்கும். அதோடு, கேட்டால் பதில் சொல்லும். 'இன்று எத்தனை வாரம்?' என்றால் தானே எண்ணிச் சொல்லும். நாள் நெருங்கினால் தானே பட்டியலில் மேலே ஏறும்.

தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் அப்படி இல்லை. அங்கே இருப்பவை வெறும் அட்டவணைகள். ஒரு பெண்ணின் பெயர் ஓர் அட்டவணையில், இரத்த வகை இன்னொன்றில், ஸ்கேன் முடிவு மற்றொன்றில். அவை கிடந்த இடத்தில் கிடக்கும். எதையும் எண்ணா. ஆகவே இரண்டுக்கும் நடுவில் அஃப்ரின் ஒரு பகுதியை எழுதினாள். ஆப்ஜெக்டைப் பிரித்து அட்டவணைகளில் அடுக்கி வைப்பதும், வேண்டும்போது பொறுக்கி எடுத்துத் திரும்ப ஓர் உருவாக எழுப்புவதும் அதன் வேலை. தினமும் சாயங்காலம் அது, கம்ப்யூட்டரின் ஓடும் நினைவகத்தில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் அட்டவணையில் எழுதும். அவளுக்கென்று ஒரு வரி ஏற்கெனவே இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கும். மின்வெட்டுக்கும் அவள் ஒரு வழி செய்திருந்தாள். யூ.பி.எஸ். கத்தத் தொடங்கினாலோ கம்ப்யூட்டரை அணைத்தாலோ, நினைவகத்தில் இருப்பவர்களை இருந்த நிலையிலேயே ஒரு கோப்பில் இறக்கிவிடும். கரண்ட் வந்ததும் அதே நிலையில் எழுப்பும். தான் எழுதியதில் அஃப்ரினுக்கு ரொம்பவும் பெருமை தந்த பகுதி இதுதான்.

அன்று மத்தியானம் அவள் வந்து பார்த்தாள். வளர்மதி இறந்துபோனதை யாரும் பதியவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தாள். நிரலில் அதற்கு ஒரு பொத்தானும் இல்லை. அதனால் நேராக அட்டவணையைத் திறந்து, வளர்மதியின் வரியில் நிலை என்கிற கட்டத்தில் 'இறப்பு' என்று எழுதி மூடினாள்.

"இனிமே வராது அக்கா."

"உன்னையும் தப்பு சொல்ல முடியாது பாப்பா. எனக்குத்தான் படிச்சவொடனே குளுந்து போயிடிச்சி" என்றாள் அம்முலு.

அடுத்த வியாழக்கிழமை காலையில் பட்டியல் வந்தது. வளர்மதி, காவாந்தண்டலம். 42 வாரம். நாள் கடந்தது.

அம்முலு அந்தப் பெயரைத் தாண்டிப் படித்தாள். ஆனால் கூடத்துச் சுவரில் இன்னொரு திரை மாட்டியிருந்தது. பெண்கள் தங்கள் முறையைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று அஃப்ரின்தான் தமிழ் எழுத்தில் அதைத் தெரிய வைத்திருந்தாள். கனகா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவள் அந்தச் சிவப்பு வரியைப் படித்து முடித்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னோர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது.

அஃப்ரின் மறுபடியும் வந்தாள். அட்டவணையைத் திறந்தாள். அவள் எழுதிய 'இறப்பு' அங்கே இல்லை. அந்தக் கட்டத்தில் பழையபடி 'கர்ப்பம்' என்றிருந்தது. தான்தான் சேமிக்காமல் விட்டுவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்படி விடுகிறவள் இல்லை அவள். வரியையே அழிக்கப் பார்த்தாள். டேட்டாபேஸ் விடவில்லை. வளர்மதியின் வரியைப் பிடித்துக்கொண்டு வேறு வரிகள் இருந்தன. இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, ஸ்கேன். அவற்றைக் கீழிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள். ஸ்கேன் வரியில் 'குழந்தையின் அசைவு நன்று' என்று டாக்டர் எழுதியிருந்தார். அதை இரண்டு முறை படித்துவிட்டு அழித்தாள். கடைசியில் பெயர் இருந்த வரியும் போயிற்று. தேடிப் பார்த்தாள். வளர்மதி என்ற பெயரில் அந்த டேட்டாபேஸில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரையும் ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது வியாழக்கிழமை அவள் காலையிலேயே வந்து அம்முலுவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் பட்டியல் விரிந்தது. வளர்மதி, காவாந்தண்டலம். 43 வாரம். இந்த முறை வயது இல்லை. இரத்த வகை இல்லை. பரிசோதனைகள் இருந்த கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பெயரும் ஊரும் வாரமும் மட்டும் வந்திருந்தன.

அம்முலு எழுந்துவிட்டாள். "நான் இதுங்கிட்ட உக்கார மாட்டேன் பாப்பா" என்று மெல்லச் சொன்னாள். உள்ளே போய்க் குங்குமம் கொண்டுவந்து மானிட்டரின் நெற்றியில் வைத்தாள். கனகா பையை எடுத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமலே வெளியே போனாள். போகும்போது கதவை உடனே விடாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வருகிறவர்களுக்காகப் பிடிப்பது போல் இருந்தது.

அந்த வாரம் அஃப்ரினுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் இல்லாமல் கம்ப்யூட்டரில் எதுவும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் செருப்புக் கடையில் வாப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளைத்தாச்சிப் பெண் யாராவது படியேறினால் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"இன்னாம்மா பேஜாரு உனக்கு? பேயடிச்ச மாதிரி கீறே" என்றார் மஹபூப் பாஷா.

"ஒரு பேரு அழிய மாட்டேங்குது வாப்பா."

அவருக்குப் புரியவில்லை. அம்மா உம்முல் குல்சும் மட்டும், அடுத்த நாள் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, குர்ஆனில் காவலுக்கென்று ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிவிட்டுப் போகச் சொன்னாள். அஃப்ரின் ஓதிவிட்டுத்தான் போனாள்.

நான்காவது வியாழக்கிழமை கனகா வரவில்லை. டாக்டருக்கு அது கவலையாகிவிட்டது. கனகாவுக்கும் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவளை வாரா வாரம் வரச் சொல்லியிருந்தார்.

"வளர்மதிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சனிக்கிழமை நீ போய்ப் பார்த்துட்டு வந்துடு அம்முலு" என்றார்.

"நானும் போறேன் டாக்டர்" என்றாள் அஃப்ரின். எதற்கு என்று டாக்டர் கேட்கவில்லை.

இரண்டு பேரும் பஸ்ஸில் காவாந்தண்டலம் போய் இறங்கினார்கள். வயல்களில் சம்பா நாற்று பச்சை பிடித்திருந்தது. கனகாவின் மாமனார் பச்சமுத்து வாசலில் மருந்தடிக்கும் மெஷினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய பையன், வளர்மதியின் புருஷன் வரதன், சாவுக்குப் பிறகு கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவன் திரும்பி வரவில்லை. அம்முலுவை அவருக்குத் தெரியும். அஃப்ரினை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணா?"

"ஆமாங்க."

"எம்மருமவ பேர எதுக்கும்மா கூப்டுறீங்க அங்க? செத்துப் போனவ. சின்னதும் புள்ளத்தாச்சியா கீது. இத்த கேட்டுக்கினு அது எப்டி உக்காந்திருக்கும்?"

"ரெண்டு தடவ எடுத்துட்டேங்க. திரும்பி வருது."

பச்சமுத்து கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோனது போல் வாசலை விட்டு விலகி வழி விட்டார்.

உள்ளே கனகா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்முலு பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏறிக்கினு போவுது கனகா. நீ வந்து படுக்கணும். வூட்ல இருக்கிறது சரியில்ல."

"அங்க வந்தா இன்னா, இங்க இருந்தா இன்னா. அக்கா ரெண்டு எடத்துலயும் கீது" என்றாள் கனகா. அவள் குரலில் பயம் இல்லை. அலுப்புதான் இருந்தது. "காலைல பாத்திரம் தேய்க்க உக்காந்தா பக்கத்துல வந்து உக்காருது மேடம். இடுப்புல கைய வெச்சிக்கினு, மூச்சு வாங்கிக்கினு. கடைசி மாசத்துல அப்டிதான் உக்காரும். எறக்கவும் முடியல, தூக்கிக்கினு நடக்கவும் முடியல அதால. நான் நகந்து எடம் குடுப்பேன்."

அம்முலு வாசல் பக்கம் திரும்பி, "சுமதாங்கி வெச்சீங்களா பெரியவரே?" என்று கேட்டாள்.

வயிற்றுச் சுமையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் பேரில் பாதையோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து ஆறிவிட்டுப் போனால், செத்தவளின் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. அந்தப் பக்கத்துச் சாலைகளில் பழைய சுமைதாங்கிகள் இன்னும் நிற்கின்றன. புதிதாக யாரும் வைத்து அஃப்ரின் பார்த்ததில்லை.

"யாரும்மா இப்ப தலைல தூக்கிக்கினு நடக்கறாங்க? எல்லாம் டிராக்டர்ல போவுது. கல்ல நட்டா வெறும் கல்லுதான் நிக்கும்" என்றார் பச்சமுத்து.

பிறகு கனகா அஃப்ரினைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்த வாரம் நாப்பத்தி நாலா?"

"ஆமா."

"அடுத்த வாரம் நாப்பத்தி அஞ்சுன்னு போடும். அப்பறம் ஆறுன்னு போடும். எப்ப மேடம் நிக்கும் அது?"

"பிரசவம் ஆனாதான் நிக்கும்" என்றாள் அஃப்ரின்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அம்முலு அவளைத் திரும்பிப் பார்த்தாள். கனகா மெல்லத் தலையை ஆட்டினாள், அது தனக்கு முன்பே தெரியும் என்பது போல.

திரும்பி வரும் பஸ்ஸில் அஃப்ரின் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் எழுதியதை வரி வரியாக மனதுக்குள் ஓட்டினாள். ஒரு பெண் பதிவானதும் அவளுக்கான ஆப்ஜெக்ட் நினைவகத்தில் எழும். அன்றிலிருந்து நினைவகத்திலேயே இருக்கும். வாரத்தை எண்ணும். கரண்ட் போனால் கோப்பில் இறங்கும், வந்தால் எழும். அது அங்கிருந்து வெளியே போக அவள் ஒரே ஒரு வழிதான் எழுதியிருந்தாள். பிரசவம். வேறு எப்படியும் ஒருத்தி போவாள் என்று அவள் எழுதவே இல்லை. அட்டவணையில் 'இறப்பு' என்று எழுதியதோ, வரியை அழித்ததோ நினைவகத்தில் இருந்த வளர்மதிக்குத் தெரியாது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் நிரல் அவளை அப்படியே அட்டவணையில் திரும்ப எழுதியது. வரி இருந்தபோது திருத்தியது, இல்லாதபோது புதிதாகச் சேர்த்தது. அழித்துவிட்ட பரிசோதனைகள் மட்டும் திரும்பவில்லை, ஏனென்றால் அவற்றை அவள் தன்னோடு சுமக்கவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அஃப்ரின் நினைத்திருந்த நிம்மதி கிடைக்கவில்லை. இத்தனை நாளும் அந்தப் பெண் உள்ளே தனியாக இருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் என்ற நினைப்புதான் பஸ் உத்திரமேரூர் ஏரிக்கரையைத் தாண்டும் வரை கூடவே வந்தது.

இறங்கியதும் நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்கூட ஆகாது டாக்டர். பிரசவம்னு ஒரு தடவை அழுத்திட்டா போதும். வெளியே போயிடுவாங்க."

அவள் திரையில் அந்தப் படிவத்தைத் திறந்தாள். குழந்தை ஆணா, பெண்ணா? எடை? அழுததா? கட்டங்கள் வரிசையாக நின்றன. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றைப் படித்தார்.

"என்ன எடை போடப்போறே?"

அஃப்ரின் எடைக் கட்டத்தில் கர்சரை வைத்து, திரும்ப எடுத்துவிட்டாள்.

"அவளுக்குப் பிரசவம் ஆகலம்மா. ஆச்சுன்னு நான் எழுதமாட்டேன்." டாக்டர் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "நீ இதை எழுத ஆரம்பிச்சப்போ என்கிட்ட ஒண்ணு கேட்டே. பிரசவம் இல்லாம வேற எப்படியாவது கர்ப்பம் முடியுமா டாக்டர்னு. நான்தான், அதெல்லாம் வேண்டாம், இங்க பதிஞ்சவங்க இங்கதான் பெத்துப்பாங்கன்னேன். சகுனம் பார்த்தேன். டாக்டர் பார்க்கக் கூடாது. இன்னொரு வழியை எழுது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. அஃப்ரின் வெயில் ஏறும்போது உட்கார்ந்தாள். புது வழியைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் ஆப்ஜெக்டின் அமைப்பை மாற்றிவிட்டால், பழைய அமைப்பில் இறக்கி வைத்த கோப்பு அதன் பிறகு திறக்காது. உள்ளே இருக்கும் அத்தனை பெண்களையும் முதலில் முழுசாக அட்டவணைகளில் இறக்கிவிட்டு, புதிதாக எழுப்ப வேண்டும். ஒருத்திகூட விட்டுப்போகக் கூடாது. அதனால் ஒவ்வொருவரின் அட்டையையும் வைத்துச் சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டேன் என்ற அம்முலு, கூப்பிடாமலே வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

அம்முலு படிக்கப் படிக்க அஃப்ரின் திரையில் பார்த்துச் சரி என்றாள். பவளம், ராஜகுளம், முப்பது வாரம். ஷாஹீதா, உத்திரமேரூர், பதினெட்டு வாரம். கனகா, காவாந்தண்டலம், முப்பத்து நாலு வாரம். உயிரோடு இருந்த எல்லோரும் இறங்கி எழுந்த பிறகு ஒருத்தி மீதி இருந்தாள். அவளுடைய அட்டை அந்த அடுக்கில் இல்லை. அம்முலு அதை மாதக்கணக்குக்கு முன்பே அலமாரியின் அடியில் போட்டிருந்தாள். எழுந்துபோய் எடுத்து வந்து, தூசியைப் புடவையில் துடைத்து, மற்றவர்களுடையதைப் போலவே சத்தமாகப் படித்தாள். அஃப்ரின் அழித்துவிட்ட இரத்த வகையும் பரிசோதனைகளும் அதில் இருந்தன. அவற்றையெல்லாம் திரும்ப ஏற்றினாள். 'குழந்தையின் அசைவு நன்று' என்பதையும் ஏற்றினாள்.

டாக்டர் வந்து பின்னால் நின்றார். புதிய படிவத்தில் கட்டங்கள் குறைவு. தேதி. இடம்.

"எந்த ஊர்னு போடறது டாக்டர்?"

"வழியில்னு போடு."

அஃப்ரின் அடித்தாள்.

"குழந்தைக்கு எங்க?" என்று டாக்டர் கேட்டார்.

குழந்தைகளுக்கு வேறோர் அட்டவணை இருந்தது. அதில் பிரசவம் ஆனால் மட்டும்தான் வரி சேரும். அஃப்ரின் அதைச் சொன்னாள்.

"அதுக்கும் ஒரு வரி இருக்கணும். அவளை மட்டும் வெளியே அனுப்பிட்டு அதை என்ன பண்றது?"

அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெயர் இல்லாத, எடை இல்லாத ஒரு வரி. தாய் என்ற இடத்தில் வளர்மதியின் எண். வாரம் என்ற இடத்தில் முப்பத்து நாலு. நாற்பத்து நாலு என்று வந்ததை அஃப்ரின் வேன் வந்த நாளின் தேதியை வைத்துத் திருத்தினாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியலில் ஒரு வரி குறைந்திருந்தது. அம்முலு திரையைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள்.

"போயிட்டாளா?"

"உள்ள இல்ல அக்கா. அட்டவணையில மட்டும் இருக்காங்க."

"அங்க இருந்தா?"

"அங்க எண்ண மாட்டாங்க."

டாக்டர் தன் அறைக்குப் போனவர் திரும்பி வந்தார். "இப்படிப் போனவங்க இன்னும் சில பேர் இருக்காங்கம்மா. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தி. அதுக்கெல்லாம் நாள் இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். அஃப்ரின் வேலையை மூடிவிட்டுக் கிளம்பும் வரை அங்கேதான் நின்றார்.

வியாழக்கிழமை பட்டியலில் சிவப்பு வரி இல்லை. கனகா வந்திருந்தாள், பச்சமுத்து கூட்டி வந்திருந்தார். டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உடனே படுக்கையில் சேர்த்துக்கொண்டார். கட்டிலுக்குப் போகும் வழியில் கனகா சுவரில் இருந்த திரையைப் படித்தாள். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படித்து, மறுபடியும் ஒரு முறை படித்தாள்.

"மாமா கல்லு வெச்சிட்டாரு" என்று அஃப்ரினிடம் சொன்னாள். "பழைய மதகுல கெடந்த கல்லு மூணு. எங்க கழனிக்குத் திரும்புற எடத்துல நட்டாரு. யாரு எறக்குவாங்கன்னு கேட்டாரு இல்ல? நேத்து அவரே ஒரு யூரியா மூட்டைய தலைல தூக்கிக்கினு போயி அதுல எறக்கி வெச்சிட்டு நின்னாரு. வண்டியில போறவங்கோ எல்லாம் நிறுத்தி, இன்னா பெரியவரே முடியலியான்னு கேட்டாங்களாம்."

பச்சமுத்து காதில் விழாதது போல் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகா பத்து நாளுக்கு மேல் அங்கேயே படுத்திருந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. டாக்டர் பிரசவ அறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு முறை அழுத்தம் பயப்படும் அளவுக்கு ஏறி, ஊசிக்கு இறங்கியது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. சின்னது, ஆனால் நன்றாகக் கத்தியது. அம்முலு வெளியே வந்து அஃப்ரினிடம் எடையைச் சொன்னாள். அஃப்ரின் கட்டங்களை நிரப்பிப் பிரசவம் என்று அழுத்தினாள். கனகா பட்டியலிலிருந்து போனாள். அஃப்ரின் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன பெயர் திரும்ப வரவில்லை.

பிறகு கனகாவைப் பார்க்கப் போனாள். ஜன்னலை மூடி வைத்திருந்தும் மழைச் சத்தம் கேட்டது. குழந்தையைத் துடைத்துச் சுற்றிக்கொண்டுவர அம்முலு போயிருந்தாள். கனகா ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"பேரு வந்துச்சா மேடம், இந்த வாரம்?"

"வரல."

"போன வாரமும் வரல."

"இனிமே வராது கனகா."

கனகா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று அஃப்ரின் நினைத்தபோது பேசினாள்.

"இங்கயும் இல்ல. நான் ராவெல்லாம் நகந்து நகந்து எடம் வுட்டுப் பாத்தேன். யாரும் வந்து உக்காரல." அவள் குரல் உடைந்தது. "வலி வந்தப்பகூட பாத்தேன் மேடம். வரும்னு நெனச்சேன்."

அஃப்ரின், நான்தான் அனுப்பினேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். கிளம்புவதற்குத் திரும்பினாள்.

"இரு மேடம். மழை வுடட்டும்" என்றாள் கனகா.

கனகா சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். கட்டிலின் இந்தப் பாதி காலியாகக் கிடந்தது. அங்கே உட்கார அஃப்ரினுக்கு மனம் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.